புதுச்சேரிக் கடற்கரையில் ஜூலை 14

“பாட்டி, நம்ம கொடி படுத்துக்கிட்டிருக்கு. இவங்க கொடி மட்டும் ஏன் நின்னுக்கிட்டிருக்கு?”

ஏழு வயதுப் பேரன் இப்படிக் கேட்டபோது நாங்கள் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே நின்றிருந்தோம். காலை வேளை. கையில் தண்ணீர் பாட்டில், தோளில் துணிப்பை, பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் அத்தை. ஜூலை 14 ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்ததால் பையனுக்குப் பள்ளி விடுமுறை. என்னவர், “இந்த வெயிலில் எதற்கு?” என்று வழக்கம்போல் முணுமுணுத்துவிட்டுத் திருச்சியிலேயே தங்கிவிட்டார். நானும் பேரனும் விழுப்புரம் வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று முதல் நாள் மதியமே அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

பையன் கேட்டது நியாயமான கேள்விதான். நம் கொடியில் காவி, வெள்ளை, பச்சை மூன்றும் பாய் விரித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரெஞ்சுக் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. எதிரே இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கம்பங்களில் பறந்துகொண்டிருந்தன. நான் பதில் யோசிப்பதற்குள் அத்தை சொன்னாள்:

“படுத்தா டச்சுக்காரன் கொடி மாதிரி ஆயிடும்டா கண்ணு. அவனுதும் இதே மூணு கலர்தான்.”

எண்பத்தெட்டு வயது அத்தைக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அவள் கொடி தைத்தவள். இரண்டு கொடிகளையும் தைத்தவள். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் பெரும்பாலும் மணக்குள விநாயகர் கோயில், ஆசிரமம், கடற்கரையில் ஒரு நடை, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் ஜூலை 14 அன்று போய்ப் பாருங்கள். அன்று பிரான்ஸின் தேசிய நாள். 1789ல் பாரிஸ் மக்கள் பஸ்தீய் சிறையைத் தகர்த்த தேதி. அதை ஆண்டுதோறும் தேசிய விழாவாகக் கொண்டாடுவது என்று 1880ல் சட்டம் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் போய் எழுபது வருஷம் ஆன பிறகும் அந்த நாள் இங்கே கொண்டாடப்படுகிறது. முதல் நாள் மாலையே காகித விளக்குகளை ஏந்தி, பேண்டு வாத்தியத்தோடு தெருக்களில் ஊர்வலம் போவார்கள். மறுநாள் காலை இந்த நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைப்பார்கள். பிரெஞ்சுத் தூதரகத்து அதிகாரியும் நம் அரசாங்கத்தாரும் சேர்ந்து நிற்பார்கள். இரண்டு தேசிய கீதங்களும் ஒலிக்கும்.

இதில் பார்க்க வேண்டியவர்கள் யார் தெரியுமா? முன்வரிசையில் நிற்கும் வயோதிகர்கள்தான். அச்சு அசல் நம் தாத்தாக்கள். கறுத்த முகம், நரைத்த மீசை. சிலருக்கு நெற்றியில் விபூதிகூட இருக்கும். ஆனால் மார்பு நிறையப் பிரெஞ்சுப் பதக்கங்கள்! இவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து பென்ஷன் வாங்குகிறவர்கள். ‘சொல்தா வீடு’ என்றால் காசுள்ள வீடு என்று கல்யாணப் பேச்சில் ஒரு காலத்தில் தனி மதிப்பு இருந்தது. என் அத்தை வீடு ஒரு சொல்தா வீடு.

நினைவுச் சின்னத்தில் இருப்பது 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்துப்போன பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவு. 1938ல் திறந்தது. நவம்பர் 11ஆம் தேதியும் இங்கே மலர் வளையம் வைப்பார்கள். எங்கேயோ குளிரிலும் சேற்றிலும் உயிர்விட்ட நம் ஊர்ப் பிள்ளைகள். அவர்களைப் பெற்ற தாய்மார்களில் எத்தனை பேருக்கு அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

விழா முடிந்ததும் வெயில் ஏறிவிட்டது. பூவரச நிழல்கூட இல்லாத சாலை அது. குழந்தையோடு போகிறவர்கள் தொப்பியும் மோரும் மறக்க வேண்டாம். அப்படியே அத்தையின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மெள்ளத் தெற்கே நடந்தோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. கோடியில், குழந்தைகள் பூங்காவை ஒட்டி, துய்ப்ளே சிலை. அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே பேரனுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தாள். எனக்கும் அதில் பாதி புதிதுதான். வீட்டுக்குத் திரும்பிய பிறகு புத்தகங்களைப் புரட்டிச் சரி பார்த்துக்கொண்டேன்.

இந்த துய்ப்ளே கவர்னராக இருந்தபோது இங்கே பறந்தது நீலம், வெள்ளை, சிவப்பு அல்ல. வெறும் வெள்ளை. ஆம், நாம் சமாதானக் கொடி என்கிறோமே, அதே வெள்ளைதான் அன்றைய பிரெஞ்சு ராஜாவின் கப்பல் கொடி! விசேஷமான ராஜ கொடியில் அந்த வெள்ளையின்மேல் தங்க நிற லில்லிப் பூக்களைத் தெளித்திருப்பார்கள். துமா தெருவில் தேவமாதா கோயிலுக்கு எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை இருக்கிறதே, அந்தப் பெண் போர்க்களத்தில் ஏந்திய கொடியும் லில்லிப் பூக்கள் கொண்ட வெள்ளைக் கொடிதான். தன் வாளைவிடக் கொடியைத்தான் அதிகம் நேசித்ததாக அவளே விசாரணையில் சொன்னாளாம்.

1746ல் லபூர்தொனே என்ற கப்பல் தளபதி சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிரான்ஸின் மேற்குக் கோடியில் பிரித்தானி என்று ஒரு பிரதேசம். அங்கே சேன் மாலோ என்ற துறைமுகத்து ஊர்க்காரர் இவர். பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் புறப்பட்ட லோரியான் துறைமுகமும் அதே பிரதேசத்தில்தான் இருக்கிறது. 1749 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம். நம்முடைய ஆனந்தரங்கப் பிள்ளை அதையெல்லாம் பார்த்தவர். துய்ப்ளேயின் துபாஷியான அவர் 1736 முதல் 1761ல் இறக்கும் வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்தது, பீரங்கி போட்டது, யார் யாருக்கு எத்தனை குண்டு மரியாதை என்று ஒன்று விடாமல் இருக்கிறது. வீட்டுக் கணக்கு எழுதுகிற நமக்கெல்லாம் அவர் ஒரு குரு!

அப்புறம் நடந்தது நாற்காலி விளையாட்டுதான் போங்கள். அதற்கும் முன்பே ஒரு சுற்று ஆகியிருந்தது. 1693ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்து ஆறு வருஷம் வைத்திருந்துவிட்டு 1699ல் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் ‘ஆஹா, என்ன அழகான பிரெஞ்சு வீடுகள்’ என்று போட்டோ எடுக்கும் தெருக்கள் அந்த இடிபாட்டுக்குப் பிறகு கட்டியவை. 1765ல் பிரெஞ்சுக்காரர் திரும்ப வந்தார்கள். 1778ல் மறுபடி ஆங்கிலக் கொடி. 1785ல் மறுபடி வெள்ளைக் கொடி. 1793 ஆகஸ்டில் மறுபடி ஆங்கிலேயர். கொடிக்கம்பத்துக்கே தலை சுற்றியிருக்கும்.

இதில்தான் எனக்கு ஒரு வேடிக்கை அகப்பட்டது. நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் செங்குத்தாக, நீலம் கம்பத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று பாரிஸில் சட்டம் போட்டது 1794 பிப்ரவரி 15. நீலமும் சிவப்பும் பாரிஸ் நகரத்தின் நிறங்கள். நடுவில் ராஜாவின் வெள்ளை. அதற்குமுன் 1790ல் கப்பல்களுக்கென்று ஒரு கொடி வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணியின் மூலையில் சிறியதாக மூவர்ணம். அதில் சிவப்பு கம்பத்துப் பக்கம். ஆக, இன்றைய வடிவம் பிறந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது! 1816 டிசம்பரில் ஊரைத் திரும்பப் பெற்றபோதோ பிரான்ஸில் புரட்சி, நெப்போலியன் எல்லாம் முடிந்து மறுபடி ராஜா வந்துவிட்டார். அவரோடு வெள்ளைக் கொடியும் வந்துவிட்டது. 1830ல் இன்னொரு புரட்சி நடந்து மூவர்ணம் திரும்பிய பிறகுதான் இங்கேயும் அது வந்திருக்க முடியும். கப்பல் வந்து சேரும் நாளையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏதோ ஆதி காலத்திலிருந்து புதுச்சேரியில் பறந்த கொடி என்று நான் நினைத்திருந்தது தப்பு. 1954 வரை என்று வைத்தாலும் சுமார் 125 வருஷம்தான்.

அந்த நாட்டிலேயே இந்தக் கொடிக்காக நடந்த பிடிவாதங்களைக் கேட்டால் நம் வீட்டுச் சண்டையெல்லாம் எம்மாத்திரம்! 1848ல் பாரிஸ் மக்கள் செங்கொடிதான் வேண்டும் என்று திரண்டபோது, லமார்த்தின் என்ற கவிஞர்தான் பேசிப் பேசி மூவர்ணத்தைக் காப்பாற்றினார். 1873ல் இன்னும் விசித்திரம். பழைய ராஜ வம்சத்து ஷாம்போர் பிரபுவுக்கு முடிசூட்டப் பாராளுமன்றத்தில் பலர் தயார். மூவர்ணக் கொடியை ஏற்றுக்கொண்டால் போதும். “என் முன்னோர் கொடி வெள்ளை, அதை விட மாட்டேன்” என்று மனுஷர் உட்கார்ந்துவிட்டார். ராஜ்யமே போயிற்று. பிரான்ஸ் குடியரசாகவே நின்றுவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தார்.

அப்பாவுக்கு 1954ல் இருபது வயது. காரைக்கால், மாகி, ஏனாம் எங்கும் விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த வருஷம் மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறிவிட்டது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகியும் கைமாறின. நகரத்தில் இன்னும் பிரெஞ்சுக் கொடி. கூட்டம் போடக் கூடாது, நம் கொடியைப் பிடிக்கக் கூடாது. அப்பாவும் அவர் சிநேகிதர்களும் ஒரு ஊர்வலத்துக்குக் கொடி வேண்டும் என்று தவித்திருக்கிறார்கள். கடையில் வாங்கினால் பிடிபடுவார்கள். அப்பாவின் தங்கைதான் இந்த அத்தை. அப்போது பதினெட்டு வயது. கன்யாஸ்திரீகளிடம் பூவேலை கற்றவள். புதுச்சேரிக் கன்னிமாடத்துப் பூவேலை அன்றும் இன்றும் பேர்போனது அல்லவா?

“ராத்திரி எல்லாரும் படுத்த பிற்பாடு சிமினி வெளக்கை வச்சுக்கிட்டு தைச்சேன்டி. அம்மாவோட பழைய வெள்ளைப் புடவை நடுவுக்கு. காவிக்குத் துணி கெடைக்கலை. மஞ்சளும் செம்பருத்தியும் போட்டுக் கொதிக்க வச்சா சாயம் ஏறவே இல்லை. அப்புறம் எதுத்த வீட்டுப் பாவாடை ஒண்ணை விலைக்குக் கேட்டு வாங்கினேன். சக்கரத்துக்கு இருபத்திநாலு ஆரம் போடணும்னு உங்கப்பா சொன்னான். போட்டு முடிச்சு எண்ணினா இருபத்திரண்டுதான் இருக்கு! திரும்பப் பிரிச்சேன்.”

அந்த ஊர்வலத்தில் அப்பா அடிபட்டார். இடது மணிக்கட்டு முறிந்து, கடைசி வரை சரியாகக் கூடவே இல்லை. குடத்தைத் தூக்கும்போது முகம் சுளிப்பார். கொடியை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 வாக்குகள், எதிராக 8. நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு அரசின் சார்பில் பியேர் லாந்தி கையெழுத்திட, நம் தரப்பில் கேவல் சிங் பொறுப்பேற்றார். பிரெஞ்சுக் கொடி பறந்த கம்பங்களில் இந்தியக் கொடி ஏறியது. இந்த மூவர்ணமும் அந்த மூவர்ணமும் இடம் மாற்றிக்கொண்டன. புதுவையில் இப்போதும் நவம்பர் 1 விடுதலை நாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. 1956ல் அத்தைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சொல்தா. இந்தோசீனா யுத்தத்துக்குப் போய் வந்தவர். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். அப்பாவுக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. அதே 1956ல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் எழுதின. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. இந்த இடத்தில் ஒரு விதி. இங்கே பிறந்து இங்கேயே இருப்பவர்கள் எல்லாரும் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆறே மாதம்! எத்தனை வீடுகளில் அண்ணன் ஒரு நாட்டுக்காரன், தம்பி இன்னொரு நாட்டுக்காரன் என்று ஆயிற்று. விஷயம் காதில் விழாமலே தேதி தாண்டிப் போனவர்களும் உண்டு.

மாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தையும் கையெழுத்துப் போட்டாள்.

“நான் தைச்சுக் குடுத்த கொடிக்குக் கை ஒடிஞ்சவன்டி அவன். நான் எப்படிப் போடாம இருந்தேன்னு கேப்பே. பென்சன் அவரோடது, புள்ளைங்க அவரோடது, நான் மட்டும் தனியா எந்த ஊருக்காரியா இருக்கிறது?”

அப்பா அந்த வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். அத்தையின் கடைசிப் பெண்ணுக்குக் காது குத்தல். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். பத்திரிகை வந்தது, ஆள் வந்தது, கடைசியில் அத்தையே வந்து வாசலில் நின்றாள். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். மாமாவின் சிநேகிதர், இன்னொரு சொல்தா, மடியில் வைத்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அறுபது வருஷம் கழித்தும் அத்தையின் குரல் மாறுகிறது. சகோதரிகளே, தாய்மாமன் இல்லாத காது குத்தல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டி இறந்தபோது இருவரும் ஒரே கூடத்தில் அழுதார்கள். பேச்சு வந்தது. ஆனால் அப்பா அத்தை வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. நாங்கள் குழந்தைகள் மட்டும் அம்மாவோடு போவோம். கூடத்தில் மாமாவின் பதக்கங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள். ஜூலை 14 வந்தால் மாடியில் அந்தக் கொடி. அதுவும் அத்தை தைத்ததுதான்.

தைக்கிறவர்களுக்காக ஒரு தகவல். மூன்று பட்டையும் சம அகலம் என்பதுதான் சட்டம். ஆனால் பிரெஞ்சுக் கடற்படையில் 1853லிருந்து வேறு கணக்கு: நூறு பங்கில் நீலம் 30, வெள்ளை 33, சிவப்பு 37. காற்றில் பறக்கும்போது நுனிப் பட்டை குறுகித் தெரியும் என்பதால் அதைக் கொஞ்சம் அகலமாக விட்டார்கள். முந்தானையைப் பெரிதாக வைத்தால்தானே மடித்துப் போட்டாலும் எடுப்பாகத் தெரியும், அந்த மாதிரி! இன்னொன்று நீலத்தின் நிறம். 1976ல் ஐரோப்பாவின் கொடிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அந்த நாட்டு ஜனாதிபதி நீலத்தை வெளிறியதாக ஆக்கினார். 2020ல் இன்னொரு ஜனாதிபதி பழைய கருநீலத்துக்கே திரும்பினார். அத்தை தைத்தது கருநீலம். “நடுவுல மாத்தினாங்க, எனக்குப் பிடிக்கலை, நான் மாத்தலை” என்கிறாள்.

அங்கேயே பிரதேசத்துக்கு ஒரு கொடி இருப்பதையும் மாமா சொல்லித்தான் அத்தைக்குத் தெரியும். பட்டாளத்தில் அவரோடு ஒரு பிரித்தானிக்காரர் இருந்தாராம். அந்தப் பிரதேசத்தின் கொடி கறுப்பும் வெள்ளையும். ஐந்து கறுப்புப் பட்டை, நான்கு வெள்ளை, மூலையில் கீரிப்பிள்ளை போன்ற ஒரு பிராணியின் வால் நுனி மாதிரி கறுப்புப் புள்ளிகள். 1923ல் மொர்வான் மர்ஷால் என்பவர் வரைந்தது. கோர்சிகாத் தீவுக்காரர் கொடியில் ஒரு கறுப்பு முகம், நெற்றியில் வெள்ளைத் துணி. புரோவான்ஸ்காரருக்கு மஞ்சளும் சிவப்பும். பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்று பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு. அங்கே 2010லிருந்து ஆதிக்குடிகளின் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் அரசுக் கட்டடங்களில் சேர்ந்தே பறக்கின்றன. ஹிட்லரின் படை பிரான்ஸைப் பிடித்த 1940ல் ஒரு கொடியே இரண்டு பட்டது. அடிபணிந்த அரசுக்கு ஒரு பக்கம் மூவர்ணம். எதிர்த்து நின்ற தெகோல் பக்கம் அதே மூவர்ணத்தில் இரட்டைக் குறுக்குக் கை கொண்ட சிலுவை. புதுச்சேரிக் கவர்னர் போன்வான் தெகோல் பக்கம் சேர்ந்தார். நம் ஊருக்கு அது பெருமைதான்.

அப்பா கோபத்தில்கூட ஒன்றை ஒப்புக்கொள்வார். பாரதியார் 1908 முதல் பத்து வருஷம் தைரியமாக இங்கே உட்கார்ந்து எழுதினார் என்றால் அது அந்தக் கொடியின் நிழலில்தான். 1910ல் அரவிந்தரும் வந்து சேர்ந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆங்கிலப் போலீஸ் காத்துக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் கை வைக்க முடியவில்லை. “தாயின் மணிக்கொடி” பாடிய கவிக்கு இடம் கொடுத்தது அந்நியன் கொடி! “அதே கொடி எங்களுக்கு மட்டும் ஏன் இடம் கொடுக்கலை?” என்று அடுத்த வாக்கியத்திலேயே கேட்டுவிடுவார்.

1998ல் மாமா காலமானார். சொல்தா இறந்தால் சிநேகிதர்கள் வந்து உடலின்மேல் பிரெஞ்சுக் கொடி போர்த்துவது வழக்கம். பதக்கங்களை மாட்டிக்கொண்டு நாலைந்து முதியவர்கள் வந்தார்கள். தூதரகத்திலிருந்து வரக் காத்திருக்காமல் அத்தை உள்ளே போய், தான் தைத்ததையே எடுத்து வந்து கொடுத்தாள். போர்த்தினார்கள்.

அப்பா பிறந்த வீட்டுக் கோடியோடு வந்திருந்தார். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படி. கூடத்துக்குள் வந்தவர், கொடியைப் பார்த்தார். கையில் கோடி. எல்லாரும் அவரையே பார்த்தோம். அம்மா என் கையைப் பிடித்தாள், விரல் நோகிறது.

கோடியைச் சாத்த வேண்டுமானால் கொடியை எடுக்க வேண்டும். ஒரு வயதான சொல்தா ஒரு பக்க நுனியைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் யார் பிடிப்பது என்று சுற்றிப் பார்த்தார். அப்பா கோடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்னே போனார். அந்தக் கூடாத மணிக்கட்டுக் கையால் நுனியைப் பிடித்தார். இருவரும் புடவை மடிப்பதுபோல நீளத்தில் ஒரு மடிப்பு, குறுக்கே இரண்டு மடிப்பு என்று மடித்தார்கள். தரையில் படாமல் பார்த்துக்கொண்டார் அப்பா. மடித்ததை அத்தை கையில் வைத்தார். “நல்லாத்தான் தைச்சிருக்கே” என்றார். அவ்வளவுதான். அத்தை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அன்று இரவு அப்பா அந்த வீட்டில் காப்பி குடித்தார். 2011ல் தான் கண் மூடுவதற்கு முன் 1954ன் கொடியை அத்தையிடமே கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 14 மதியம், சாப்பாடு முடிந்ததும் பேரன் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தான். கடற்கரையில் பார்த்த இரண்டு கொடிகள். பிரெஞ்சுக் கொடியில் சிவப்பைக் கம்பத்துப் பக்கம் அடித்துவிட்டான். அத்தை குனிந்து பார்த்து, “நீலம்டா கண்ணு கம்பத்தை ஒட்டி” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “டிரங்குப் பெட்டியைத் திற” என்றாள்.

வேப்பிலைச் சருகுக்கு நடுவே இரண்டும் இருந்தன. நம் கொடியின் காவி, பாவாடைத் துணியல்லவா, வெளுத்துச் சந்தன நிறமாகிவிட்டது. சக்கரத்து நூல் மட்டும் அப்படியே கருநீலம். பேரன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆரங்களை எண்ணினான். இருபத்திநாலு.

“பூச்சி வாசனை வருது. நாளைக்குக் காலையில நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அலசி நிழல்ல காயப்போட்டுட்டுப் போயேன். என்னால குனிய முடியலை” என்றாள் அத்தை.

சரி என்றேன். இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறேன், பின்னாலேயே குரல்:

“ஏண்டி, ரெண்டையும் ஒரே வாளியில ஊறப்போட்டுடாதே! அந்தச் சிவப்பு இன்னும் சாயம் விடும். தனித்தனியா, ஒரு கை கல்லுப்பு போட்டு.”